ஒன்பதாம் விதியும் ஒரு குங்குமப் பொட்டும்

கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது என் வேலை. கண்டி நகரத்தில் தொடங்கி ஒரு பக்கம் கம்பளை வரையும் மறுபக்கம் கடுகண்ணாவை வரையும் நான் ஏறி இறங்காத பலசரக்குக் கடை இல்லை. நான் வாசலில் குடையை மடக்கும்போதே உள்ளே ஒரு தராசு சாக்குக்கு அடியில் போய்விடும். "மிஸ் வந்துட்டாங்க" என்ற செய்தி அடுத்த கடைக்கு என்னைவிட வேகமாகப் போகும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் இருக்கும் தராசு சரியாக இருக்க வேண்டும். அதைப் பார்க்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவரை யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. அவ்வளவுதான்.

வில்லோடும் அம்போடும் எனக்கு எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை. ஒருநாள் மத்தியானம் என் காரியாலயத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். நகரத்துப் பாடசாலை ஒன்றில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சிங்களவர். எங்களோடு பேசும்போது மட்டும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துத் தமிழ் பேசுவார். கதிரையில் உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வாக்கியம் இது:

"உங்களை ஏசாத கடைக்காரன் கண்டியில் இல்லை மிஸ். எங்களுக்கு அப்படி ஆள்தான் வேணும்."

விஷயத்தைப் பிறகு விளக்கினார். வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றுபோயிருந்த காலம் அது. நகரத்தில் வசதியானவர்கள் சேர்ந்து நடத்திய ஒரு வில்வித்தைக் கழகம் இருந்தது. அவர்கள் பயன்படுத்திய வில், அம்பு எல்லாமே இறக்குமதி. ஒரு நாண் அறுந்தால் மாற்றுவதற்கு இன்னொன்று இல்லை. அந்த இடைவெளியில்தான் வேறொரு கூட்டம் வெளியே தெரிய வந்தது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களிலும் கம்பளை, கடுகண்ணாவைப் பக்கங்களிலும் மூங்கிலையும் கித்துள் பனையையும் தாங்களே செதுக்கி வில் செய்து எய்துகொண்டிருந்தவர்கள். பெரியவர் இவர்களுக்காகவே, கையால் செய்த வில்லுக்கு மட்டும், கைவில் போட்டி ஒன்றை வைத்தார். அது சண்டையில் முடிந்தது. ஒருவர் உடைந்த தூண்டில் தடியின் கண்ணாடி இழையை வில்லின் உள்ளே வைத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். இன்னொருவர் குடைக்கம்பியை அம்பாக விட்டதில், அது இலக்குச் சாக்கைத் துளைத்து, பின்னால் இருந்த தேயிலைச் செடியின் அடியில் போய் நின்றது. "இது கைவில்லா, அது கைவில்லா?" என்று ஆளுக்கு ஆள் கேட்க, பரிசு கொடுக்காமலே எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

"எது கைவில், எது கைவில் இல்லை, எழுத வேணும். எழுதினதைப் பார்க்கவும் வேணும்" என்றார் பெரியவர்.

நான் ஒப்புக்கொண்டேன். வில்லைப் பற்றி ஒன்றும் தெரியாதே என்று வீட்டில் சிரித்தார்கள். தேங்காயெண்ணெய் விற்கத் தெரிந்துகொண்டா எண்ணெய் அளவையைச் சோதிக்கிறேன் என்று கேட்டேன்.

மூன்றாவது ஆளாக ஒரு பௌதிகவியல் ஆசிரியர் சேர்ந்தார். யாழ்ப்பாணத்தவர். கண்டிக்கு மாற்றலாகி வந்து பல வருடங்கள் ஆகியும் பேச்சில் ஒரு எழுத்துக்கூட மாறாதவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர் வீட்டு விறாந்தையில் நாங்கள் மூவரும் உட்காருவோம். மேசை முழுக்க மூங்கில் சீவல், கோழி இறகு, நூல், ஆணி. பெரியவரின் மனைவி தேநீர் வைக்க இடமில்லாமல் கோப்பைகளைத் தரையில் வைத்துவிட்டுப் போவார்.

வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது சுலபமான வேலையாகத் தெரியும். இயற்கைப் பொருள் மட்டும் என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது என்று நானும் முதல் ஞாயிறு வரை நினைத்தேன். பெரியவர் நாணும் இயற்கை நாராகத்தான் இருக்க வேண்டும் என்றார். கேட்க அழகாக இருந்தது. மருள் நாரை முறுக்கி நாண் செய்து, அவரே வில்லை வளைத்துப் பார்த்தார். நாண் அறுந்து அவர் கன்னத்தில் கோடு போட்டது. மறு ஞாயிறு இன்னும் தடிப்பாக முறுக்கிக் கொண்டு வந்தார். அதுவும் அறுந்தது.

"சேர், உங்கட கன்னம் தாங்காது. விதியை மாத்துவம்" என்றார் ஆசிரியர்.

செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் மெழுகு நூலை அனுமதிப்பது, மீன்பிடிக்கும் நைலோன் தங்கூசியைத் தடுப்பது என்று முடிவானது. தங்கூசி ஏன் கூடாது என்பதற்கும் காரணம் எழுதினோம். அது இழுபடும், முடிச்சு வழுக்கும், அறுந்தால் கண்ணைத் தேடிப் போகும். ஒரு விதிக்குக் காரணத்தையும் பக்கத்திலேயே எழுத வேண்டும் என்பது என் பிடிவாதம். காரணம் தெரியாத விதியை எந்தக் கடைக்காரரும் மதித்ததாக நான் பார்த்ததில்லை.

இப்படியே ஒவ்வொன்றாக வளர்ந்தது. வில் ஒரே மரத்துண்டாகவோ ஒரே மூங்கிலாகவோ இருக்க வேண்டும். உலோகம், இறப்பர், கண்ணாடி இழை கூடாது. பசை அம்பின் இறகை ஒட்ட மட்டும். அம்பு மெல்லிய மூங்கில். இறகு வீட்டில் வளர்க்கும் பறவையினுடையது. மயிலிறகு கொண்டு வருபவரை நாங்களே பொலிசில் ஒப்படைப்போம் என்று ஆசிரியர் எழுதச் சொன்னதை மட்டும் நான் எழுதவில்லை. வில்லை இழுக்கும் பாரத்துக்கு ஓர் உச்ச எல்லை வைத்தோம். அதை அளக்க மீன் கடைகளில் தொங்கும் கொக்கித் தராசுதான் பொருத்தம் என்று கண்டுபிடித்தது நான். தராசை மேலே கட்டி, கொக்கியில் நாணை மாட்டி, வில்லின் பிடியை அம்பு நீளத்துக்குக் கீழே இழுத்தால் முள் உண்மையைச் சொல்லிவிடும்.

ஒன்பதாம் விதி, எங்கள் மூவருக்கும் மிகவும் திருப்தி தந்த விதி. கைவில்லில் குறிபார்க்கும் கருவி கிடையாது. கண், கை, பழக்கம், இவை மட்டுமே. ஆனால் பிடிக்குச் சற்று மேலே, எய்பவரின் முகத்தைப் பார்த்த பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி இருந்தால் போதும். அந்தப் புள்ளியை இலக்கின் நடுவோடு பொருத்திக்கொண்டால் ஒவ்வொரு அம்பையும் ஒரே உயரத்தில் விடலாம். புள்ளியே கருவியாகிவிடும். ஆகவே எழுதினோம்: வில்லின் மேல்பாதியில், எய்பவரை நோக்கிய பக்கத்தில், குறிபார்க்க உதவக்கூடிய புள்ளி, கோடு, வெட்டு எதுவும் இருக்கக் கூடாது. பெரியவர் அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

விதிகள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தட்டச்சாகி வெளியே போன வாரம், ஒரு பெண் என் காரியாலயத்துக்கு வந்தாள். ஹந்தானை லயத்தில் வீடு. நகரத்தில் ஒரு தையல் கடையில் பாடசாலைச் சீருடை தைக்கும் வேலை. முப்பது வயது இருக்கும். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தாள்.

"இந்த விதியெல்லாம் எழுதுனது நீங்கதானா மிஸ்?"

"மூணு பேரு சேந்து எழுதினோம்."

"மூணு பேருல ரெண்டு பேரு தமிழாமே. ஒரு தமிழ்க் காப்பி இல்லையே. வில்லுக்குத் தமிழ் தெரியாதுன்னு விட்டுட்டீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. சிரிப்பும் வந்தது. அன்று மாலையே தமிழில் எழுதத் தொடங்கினேன். எழுதும்போதுதான் ஆங்கிலத்தில் மழுப்பலாக இருந்த இரண்டு இடங்கள் தெரிந்து, அவற்றையும் திருத்தினோம். அந்தத் தமிழ்ப் பிரதியை இன்றைக்கும் என்னால் தலை நிமிர்ந்து காட்ட முடியும்.

அவள் பிரதியை வாங்க வந்தபோது தன் வில்லையும் ஒரு புடவைத் துண்டில் சுற்றிக் கொண்டு வந்திருந்தாள். சில வருடங்களுக்கு முன் கழகத்துப் பயிற்சியை வீதியில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய், தானும் சேரலாமா என்று கேட்டிருக்கிறாள். சொந்த வில் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று மரியாதையாகவே சொல்லியிருக்கிறார்கள். விலையைக் கேட்டுச் சிரித்துவிட்டுத் திரும்பி வந்தாளாம். பிறகு கித்துள் மரத்தில் தானே செதுக்கினாள். முதல் வில் உடைந்தது. இரண்டாவது முறுக்கிக்கொண்டது. இது மூன்றாவது.

"ஒழுங்காப் பாத்துச் சொல்லுங்க மிஸ். எங்க வேணும்னாலும் இன்னும் சீவுறேன். போட்டியன்னைக்கு மட்டும் இந்த வில்ல வெளிய போட்டுறாதீங்க. இன்னொண்ணு செதுக்க ஏங்கிட்ட கித்துளும் இல்ல, பொறுமையும் இல்ல."

விதி விதியாகப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. "இப்படியே கொண்டு வந்தா ஒரு பிரச்சினையும் இல்ல" என்றேன். அப்படியே கொண்டு வந்திருந்தால் இருந்திருக்காது.

போட்டிக்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது சரஸ்வதி பூசை முடிந்த வார இறுதி. பாடசாலை விடுமுறை, மைதானம் கிடைக்கும் என்று பெரியவர் யோசித்தார். நவராத்திரி முடிவில் ஆயுத பூசையும் வரும், கருவிகளுக்குப் பொட்டு வைப்பார்கள் என்று நாங்கள் இரண்டு தமிழர்கள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் ஒன்பதாம் விதியோடு அதைச் சேர்த்துப் பார்த்திருப்போமா என்பது சந்தேகம். எங்கள் வீட்டில் அன்று அரிவாள்மனை, தையல் இயந்திரம், என் உத்தியோகத் தராசுகள் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பழகிய காரியம்.

ஹந்தானைச் சரிவில் இருக்கும் மைதானத்தில் பனிமூட்டம் விலகத் தொடங்கியபோதே வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். கொக்கித் தராசை மரக்கிளையில் தொங்கவிட்டிருந்தேன். வரிசையில் முன்னால் நின்றவர் கம்பளையில் மேசை, கதிரை செய்யும் தளபாடக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் ஒருவர். எல்லோருக்கும் நானா, அதாவது அண்ணன். ஆணி நிறுக்கும் அவர் கடைத் தராசுக்கு நான் முத்திரை வைத்திருக்கிறேன்.

"கடையில ஆணித் தராச உடமாட்டீங்க. இங்க வந்தா வில்லயும் உடமாட்டீங்க. மிஸ்ஸுட கையில இருந்து எனக்கு விமோசனமே இல்ல" என்றபடி வில்லை நீட்டினார்.

அழகான கமுக மர வில். ஆனால் பிடிக்கு மேலே, உட்பக்கத்தில், அறுப்பதற்கு முன் போட்ட பென்சில் கோடு ஒன்று அழியாமல் இருந்தது. காட்டினேன்.

"பென்சில் கோடு இல்லாட்டி அது தச்சன் செஞ்ச சாமானே இல்ல மிஸ்."

"தச்சன் செஞ்சதுதான். ஒன்பதாம் விதி, நானா."

முணுமுணுத்துக்கொண்டே உப்புத்தாள் வாங்கித் தேய்த்தார். மேல்பாதி முழுக்க மெருகு போய் வில் வெளிறிவிட்டது. அவருக்கு மனம் நொந்தது எனக்குத் தெரிந்தது. சரி என்று சொல்லி அனுப்பினேன். அவர் பக்கத்திலேயே நின்று வில்லைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது அவள். புடவைத் துண்டைப் பிரித்தாள். கித்துள் வில்லின் பிடிக்குச் சற்று மேலே, உட்பக்கத்தில், சந்தனத்தின் நடுவே வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு.

நான் பேசுவதற்குள் நானா பார்த்துவிட்டார்.

"மிஸ், என்ட கோடு கோடு எண்டா, இது என்ன?"

"அது சாமிக்கு வச்சது நானா" என்றாள் அவள்.

"வெச்சது ஆருக்கு எண்டு கேக்கல்ல தங்கச்சி. கண்ணுக்குத் தெரியிதா இல்லையா? எனக்குப் போட்ட சட்டம்தானே ஒங்களுக்கும்?"

பின்னால் நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். பெரியவரும் ஆசிரியரும் வந்தார்கள். நான் வில்லை வாங்கி, கையை நீட்டிப் பிடித்து, இலக்கைப் பார்த்தேன். பொட்டு, சாக்கில் வரைந்திருந்த நடு வட்டத்தின் மேல் தப்பாமல் தவறாமல் போய் உட்கார்ந்தது. வேண்டுமென்று வைத்திருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக வைத்திருக்க முடியாது.

"நானா சொல்றது சரி. குறிதான்" என்றேன்.

"அழிச்சிப் போட்டு எய்தால் சரிதானே" என்றார் ஆசிரியர்.

அவள் முகம் மாறியது. "என் கையால நான் பொட்டழிக்கவா சார்? வீட்டுக்காரரு அங்க நிக்கிறாரு." வேலியோரம் நின்ற தன் கணவனைக் காட்டினாள். "எங்கம்மா வச்ச பொட்டு. அழிக்க மாட்டேன். வேணும்னா எய்யாமப் போறேன்."

"அப்ப நான் அழிக்கட்டா?" என்றார் ஆசிரியர். சொன்ன பிறகுதான் அது இன்னும் மோசமான பேச்சு என்று அவருக்கே விளங்கியது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நானா வில்லையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் ஒங்கள வெளிய போகச் சொல்லல்ல தங்கச்சி. அல்லா அறிய அது என்ட எண்ணமில்ல." பிறகு திரும்பி மரக்கிளையைப் பார்த்தார். "மிஸ்ஸுட தராசிலயும்தான் பொட்டு ஈக்கிது. அது நிறுவையில ஒண்டும் செய்யாது, நானும் ஒண்டும் சொல்லல்ல. ஆனா இது குறி பாக்குதே."

எல்லோரும் தராசைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் வில் என் கையில் இருந்தது. ஒருத்தி மூன்று வில் செதுக்கி, இந்த ஒன்றைக் கொண்டு வந்து நிற்கிறாள். நான் விட்டுக்கொடுத்தால் நானாவின் வெளிறிப்போன வில்லுக்கு என்ன பதில்? விடாமல் பிடித்தால், கழகத்தில் கேட்ட பதிலையே அவள் இங்கேயும் கேட்டுவிட்டுப் போவாள். பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சலுகை கொடுக்கும்படி அவர் கண் கேட்டது. நான் தலையாட்டவில்லை. ஒரு கடைக்கு மட்டும் கல் குறைத்து வைக்க என்னால் முடியாது.

"என்ன எழுதியிருக்கோம்னு வாசிப்போம்" என்றேன். தமிழ்ப் பிரதியை எடுத்து உரக்க வாசித்தேன். புள்ளி, கோடு, வெட்டு.

ஆசிரியர் வகுப்பில் விளக்குவதுபோலச் சொல்லத் தொடங்கினார். "ஓம், அதுதான் விஷயம். சுத்திவர உள்ள நிறத்தில இருந்து ஒரு இடம் வேறாத் தெரிஞ்சால்தான் அது குறி. முழுக்க ஒரே நிறமெண்டால் கண் எதில போய் நிக்கிறது?"

"அப்ப முழுசாவே பூசிட்டா?" என்றாள் அவள்.

நானாதான் முதலில் சிரித்தார். "அடி சக்கை."

நான் மறுபடியும் விதியை மனதுக்குள் வாசித்தேன். நிறம் பூசக் கூடாது என்று எங்கேயும் இல்லை. காரணப் பகுதியையும் வாசித்தேன். கண்ணை ஓரிடத்தில் நிறுத்த உதவக் கூடாது என்பதுதான் காரணம். பிடியில் இருந்து நுனி வரை ஒரே சிவப்பானால் கண் எங்கும் நிற்காது. "சரி" என்றேன். "பிடியில இருந்து நுனி வரைக்கும், ஒரு இடம்கூட விடாம."

அவளிடம் ஒரு சிட்டிகைக் குங்குமப் பொட்டலம்தான் இருந்தது. தோட்டத்து ஆட்களை ஏற்றி வந்த லொறியில் பூசைக் குங்குமம் மீதியிருப்பதாக அவள் கணவன் சொல்லி, ஓடிப் போய் டப்பாவோடு எடுத்து வந்தான். தண்ணீரில் குழைத்தாள். வில்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பொட்டின் மேலேயே விரலை வைத்து, அங்கிருந்து மேலும் கீழுமாக இழுத்தாள். அழித்தலாக அது இல்லை. பொட்டு பெரிதாகி வில்லாகியது போல இருந்தது. வெயிலில் காய வைத்தார்கள். பிறகு நான் கை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். கண் எங்கேயும் நிற்கவில்லை. வில்லை நானாவிடம் கொடுத்தேன்.

அவர் ஒரு கண்ணை மூடி, நேரமெடுத்து, தச்சன் பலகையின் நேரைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ஒண்டுமில்ல. சுத்தம்" என்று அவளிடமே நீட்டினார். "கையக் கழுவிட்டு எய்யுங்க தங்கச்சி. வழுக்கும்."

அவள் எய்ததை நான் கடைசிவரை பார்த்தேன். இரண்டு அம்புகள் சாக்கின் ஓரத்தில் போயின. பிறகு சரியானது. ஒவ்வொரு முறை நாண் அதிரும்போதும் சிவப்புத் தூள் கொஞ்சம் உதிர்ந்து அவள் சட்டைக் கையில் விழுந்தது. முடிவில் கடுகண்ணாவைக்காரர் ஒருவர் முதலாவது. அவள் இரண்டாவது. நானா, சிறிய வித்தியாசத்தில், அவளுக்குப் பின்னால்.

எய்தவர்கள் பெற்ற புள்ளிகளை வாசித்துவிட்டு, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று மூன்று மொழியிலும் கேட்டேன். முந்திய போட்டியில் இந்த இடத்தில்தான் சண்டை தொடங்கியதாகச் சொல்வார்கள். இந்த முறை மைதானத்தில் ஒரு சத்தமும் இல்லை. என் உத்தியோகத்தில் எத்தனையோ தராசுக்கு முத்திரை வைத்திருக்கிறேன். தோற்றவர்களும் ஒப்புக்கொண்டு நிற்கும் அந்த மௌனத்தைப் போல ஒன்றை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பெருமையாக இருந்தது, அதை மறைக்க வேண்டிய தேவையும் தெரியவில்லை.

நானா தன் வில்லைத் தோளில் போட்டுக்கொண்டு அவளிடம் வந்தார். "அடுத்த முறை என்ட வில்லுக்கு முழுக்க வார்னிஷ் அடிச்சிட்டுத்தான் வருவேன், பாருங்க."

"அடிங்க நானா, நல்லா அடிங்க. வார்னிசா அம்பு விடப்போகுது?"

அவர் சிரித்துக்கொண்டே போனார். நாங்கள் மூவரும் அங்கேயே புல்லில் உட்கார்ந்து ஒன்பதாம் விதிக்கு இரண்டு வரி சேர்த்தோம். மங்கலக் குறி இடுபவர்கள் அதை வில்லின் முதுகில், இலக்கை நோக்கிய பக்கத்தில் இடலாம். உட்பக்கத்தில் நிறம் பூசுவதானால் மேல்பாதி முழுவதும் ஒரே நிறமாகப் பூச வேண்டும். இம்முறை முதலில் தமிழில் எழுதினேன். பெரியவர் அதைச் சிங்களத்தில் சொல்லிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

லொறி புறப்படும் முன் அவள் வந்தாள். வில் மீண்டும் புடவைத் துண்டுக்குள் இருந்தது. எழுதியதை வாங்கி, நின்றபடியே, உதடு அசைய வாசித்தாள்.

"அப்ப இனி என் வில்ல யாரும் வெளிய போட முடியாதுதானே மிஸ்?"

"விதிப்படி இருந்தா முடியாது."

"சும்மா முடியாதுன்னு ஒரு சொல்லு சொன்னா என்னவாம்!" என்று சொல்லிவிட்டு, சிவந்த கையாலேயே என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். கணவன் லொறியில் இருந்து கூப்பிட, சிரித்தபடி ஓடினாள்.